கீறல் விழுந்த 25 நிமிடங்கள்

1927ல் வந்த ஜெர்மன் ஊமைப்படமான மெட்ரோபோலிஸை வீட்டில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்து, நடுநடுவே எண்பதுகளின் பாப் பாடல்களும் வந்தால், அது 1984ல் ஜார்ஜியோ மொரோடர் தன் இசையோடு வெளியிட்டது. இரண்டு மணி நேரத்தை ஒட்டி வந்தால் 2001ல் சீரமைத்த பிரதி. இரண்டரை மணி நேரத்துக்குச் சில நிமிடங்கள் மட்டும் குறைவு என்றால் அது 2010ல் வந்தது, அதைத்தான் பார்க்க வேண்டும். இவை போக இணையத்தில் ஏகப்பட்ட அரைகுறைப் பிரதிகள் உலவுகின்றன, யாரோ சம்பந்தமே இல்லாமல் பியானோவைத் தட்டிக்கொண்டிருக்க, ஆட்கள் எல்லாம் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருப்பார்கள். அதில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஊமைப்படம் என்றாலே இவ்வளவுதான் என்று முடிவுகட்டியவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. எதிர்கால நகரம் ஒன்று. மேலே வானளாவிய கட்டடங்களும் பணக்காரப் பிள்ளைகள் ஓடி விளையாடும் தோட்டங்களும். தரைக்குக் கீழே இயந்திரங்கள், அதற்கும் கீழே தொழிலாளர் குடியிருப்பு. நகரத்தை ஆளும் யோ ஃபிரெடர்சனின் மகன் ஃப்ரெடர், மரியா என்ற பெண்ணைத் தேடிக் கீழே இறங்கிப் போய் அங்கே நடப்பதைப் பார்த்து ஆடிப்போகிறான். ரோட்வாங் என்ற விஞ்ஞானி தான் செய்த இயந்திர மனுஷிக்கு மரியாவின் முகத்தைக் கொடுக்க, அந்தப் போலி மரியா தொழிலாளர்களை உசுப்பிவிட்டு ஊரையே நாசமாக்கப் பார்க்கிறாள். ஃபிரிட்ஸ் லாங் இயக்கியது, திரைக்கதை அவருடைய மனைவி தியா ஃபான் ஹார்போ. (இந்த அம்மணி பிற்பாடு லாங்கைப் பிரிந்து, அயி டெண்டுல்கர் என்ற நம் நாட்டுப் பத்திரிகையாளரைக் கல்யாணம் செய்துகொண்டார். நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். அது தனிக் கதை.)

1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதல் காட்சி. அன்றைக்குப் படத்தின் நீளம் 4,189 மீட்டர். ஜெர்மனியில் அந்த முழுப் படத்தைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் சில மாதங்கள் பெர்லினில் டிக்கெட் எடுத்தவர்கள் மட்டும்தான், ஏனென்றால் கத்தரி அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது. அமெரிக்காவில் வெளியிடும் உரிமை வைத்திருந்த பாராமவுண்ட், சானிங் போலாக் என்ற நாடகாசிரியரைக் கூப்பிட்டு "இதைப் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுங்கள்" என்கிற தோரணையில் படத்தை ஒப்படைத்தது. அவர் வெட்டினார், டைட்டில் கார்டுகளை (ஊமைப்படத்தில் வசனத்தை எழுத்தில் காட்டும் அட்டைகள்) மாற்றி எழுதினார், ஒரு பாத்திரத்தையே அடியோடு தூக்கினார். அவள் பெயர் ஹெல். ஆங்கிலத்தில் அது நரகம் என்று காதில் விழும், ஜனங்கள் சிரிப்பார்கள் என்று பயம். படத்தை எடுத்த உஃபா கம்பெனியும் லேசுப்பட்டதில்லை, அதே ஆகஸ்டில் ஜெர்மனியிலேயே 3,241 மீட்டராகக் குறைத்து மறுபடி வெளியிட்டது. ஏறக்குறைய கால்வாசிப் படம் காலி. 80 வருஷத்துக்கு அந்தக் கால்வாசி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அது இருந்த இடம் ஆர்ஜென்டினா. அடோல்ஃபோ வில்சன் என்ற விநியோகஸ்தர் கத்தரி போடுவதற்கு முன்பே முழுப் படத்தின் ஒரு பிரிண்டை வாங்கிக்கொண்டு புவெனஸ் அய்ரஸ் போய்விட்டிருந்தார். ஓடி முடிந்ததும் அது ஒரு சினிமா விமர்சகரின் சேகரிப்புக்குப் போனது, அங்கிருந்து அரசாங்கக் கலை நிறுவனம் ஒன்றுக்கு, கடைசியில் 1992ல் நகரத்தின் சினிமா அருங்காட்சியகத்துக்கு. நடுவில் எழுபதுகளில் ஒரு காரியம் நடந்தது. பழைய நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு, அதை வைத்திருக்கப் பயந்து, 35 மி.மீ. பிரிண்டிலிருந்து 16 மி.மீ.யில் ஒரு நெகட்டிவ் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கழித்துக்கட்டிவிட்டார்கள். எடுத்ததையும் சுத்தம் செய்து எடுக்கவில்லை. தியேட்டர் தியேட்டராக ஓடித் தேய்ந்த அத்தனை கீறலும் எண்ணெய்க் கறையும் புது நெகட்டிவில் அப்படியே பதிந்துபோயின.

அந்தப் பிரதியில் விஷயம் இருக்கிறது என்று ஊகித்தவர் ஃபெர்னாண்டோ பெனியா என்ற திரைப்பட வரலாற்றாளர். ஊகித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு சினி கிளப்பில் எப்போதோ இந்தப் படத்தைப் போட்டபோது ஃபிலிம் புரொஜெக்டரின் 'கேட்'டில், அதாவது ஒளி விழும் சட்டத்தில், நிற்காமல் குதித்ததால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது என்று ஒருவர் புலம்பிய கதை இவர் காதுக்கு வந்தது. கேட்ட மற்றவர்கள் பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் கணக்குப் போட்டார்: உலகத்தில் இருக்கிற பிரதி எதுவும் அவ்வளவு நேரம் ஓடாதே? ஆனால் ஆவணக் கிடங்குக்குள் போய்ப் பார்க்க அனுமதி கிடைப்பதற்குள் பல வருஷங்கள் ஓடிவிட்டன. 2008ல் பவுலா ஃபெலிக்ஸ்-டிடியர் அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்த பிறகுதான் இருவரும் உள்ளே போய் டப்பாக்களைத் திறந்தார்கள். இருந்தது, கிட்டத்தட்ட 25 நிமிடம். ஜெர்மனியில் பழைய படங்களைப் பாதுகாக்கும் முர்னாவ் அறக்கட்டளை அதைச் சீரமைத்துக் கோத்து, 2010 பிப்ரவரி 12 அன்று பெர்லின் திரைப்பட விழாவில் ஆர்கெஸ்ட்ராவோடு திரையிட்டது. பிராண்டன்பர்க் வாயிலில் திரை கட்டி, அந்தக் குளிரில் தெருவில் நின்றபடியும் ஜனங்கள் பார்த்தார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விலாவாரியாகச் சொல்லக் காரணம், வீட்டில் பார்க்கும்போது இந்த வரலாறு முழுக்கத் திரையிலேயே தெரியும். ஒரு காட்சி நேற்று எடுத்தது போலப் பளிச்சென்று போகும், கோட்டின் மடிப்பு வரை தெரியும். அடுத்த ஷாட்டில் திடீரென்று அடைமழை பெய்கிற மாதிரி மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும், முகங்கள் மங்கும், ஓரத்தில் கருப்புப் பட்டை வந்து சட்டகம் சுருங்கும். டிவி கெட்டுப்போகவில்லை, அதுதான் ஆர்ஜென்டினாத் துண்டு. பட்டை வரக் காரணம், 16 மி.மீ.க்கு மாற்றியபோது பேசும்படத்தின் சட்டக அளவில் அச்சிட்டதால் ஊமைப்படத்தின் அகலமான சட்டகத்தில் ஓரம் வெட்டுப்பட்டுப் போனது. மிச்சத்தை இழுத்து நிரப்பாமல், போனது போனதுதான் என்று கருப்பாகவே விட்டிருக்கிறார்கள். கீறல்களையும் கம்ப்யூட்டரில் முடிந்தவரை துடைத்தார்கள், அதற்கு மேல் தேய்த்தால் நடிகரின் முகமும் சேர்ந்து போய்விடும் என்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்கள். சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் இந்தப் பதிப்பின் பெரிய வசதி. கோடு விழ ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும், 1927ல் எதைத் தேவையில்லை என்று தூக்கினார்கள் என்று ஷாட் ஷாட்டாகப் பார்க்கலாம். எடிட்டிங் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

தூக்கியதில் முதலில் ஹெல். ரோட்வாங்கும் ஃபிரெடர்சனும் ஒரு காலத்தில் காதலித்தது ஒரே பெண்ணை. அவள் ஃபிரெடர்சனைக் கட்டிக்கொண்டு, ஃப்ரெடரைப் பெற்றுப் போட்டுவிட்டுச் செத்துப்போனாள். ரோட்வாங் தன் வீட்டில் திரைச்சீலைக்குப் பின்னால் அவளுடைய பிரம்மாண்டமான கல் முகத்தை வைத்திருக்கிறான். ஃபிரெடர்சன் வந்து சீலையை விலக்கி அதைப் பார்த்தபடி நிற்க, பின்னால் வந்த ரோட்வாங் கத்திக்கொண்டு பாய்ந்து சீலையை இழுத்து மூடுகிறான். அவன் இயந்திர மனுஷியைச் செய்ததே ஹெல்லைத் திரும்பக் கொண்டுவரத்தான், அதற்காக ஒரு கையையே இழந்தவன் அவன். இதெல்லாம் இல்லாத பழைய பிரதியில் ரோட்வாங் யார்? தலைமுடி கலைந்த இன்னொரு கிறுக்கு விஞ்ஞானி, அவ்வளவுதான். ஹெல்லைத் தூக்கியதும் படத்தின் மையத்தில் இருந்த ஆறாத பகையே போய்விட்டது. முதலாளி சொன்னார், விஞ்ஞானி இயந்திரம் செய்தான் என்றாகிவிட்டது. முழுப் படத்தில் அந்த இயந்திரத்தை வைத்து ஃபிரெடர்சனின் மகனையும் ஊரையும் பழிவாங்கத் திட்டம் போடுகிறவன் ரோட்வாங். மொத்தமாகவே வேறு படம்.

அடுத்தது ஒல்லி மனிதன். ஃபிரெடர்சன் தன் மகனை வேவு பார்க்க அனுப்பும் ஆள் அவன், படத்தில் அவனுக்குப் பெயரே கிடையாது. நடித்தவர் ஃபிரிட்ஸ் ராஸ்ப். வெட்டிய பிரதியில் இரண்டு மூன்று இடத்தில் வந்து நின்றுவிட்டுக் காணாமல் போவான், எதற்கு இவ்வளவு நல்ல முகத்தைக் கூப்பிட்டார்கள் என்று தோன்றும். ஆர்ஜென்டினாத் துண்டுகளில் பாதி அவனுடையதுதானோ என்று நினைக்கும்படி இப்போது வந்து இறங்குகிறான். ஆள் நெட்டை, கருப்பு உடை, ஒட்டிய கன்னம். விரித்த செய்தித்தாளுக்கு மேலே கண் மட்டும் தெரியும்படி நின்று நோட்டம் விடுவான். யோசபாட் என்கிறவன் ஃபிரெடர்சனின் ஆபீஸில் வேலை போனவன், ஃப்ரெடருக்குத் துணையாக நிற்பவன். அவன் வீட்டுக்கு ஒல்லி மனிதன் வந்து உட்காரும் காட்சி முழுக்கக் கீறல்தான், ஆனால் கண்ணை எடுக்க முடியாது. முதலில் பணத்தை எடுத்து வைத்து ஊரைவிட்டுப் போ என்கிறான், அவன் மசியவில்லை என்றதும் மிரட்டல், அப்புறம் கைகலப்பு. இவ்வளவுக்கும் அவன் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. காய்ச்சலில் கிடக்கும் ஃப்ரெடரின் பிதற்றலில் இதே ஆள் பாதிரி உடுப்பில் வந்து உலக முடிவைப் பிரசங்கம் செய்கிறான், அங்கே எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

மூன்றாவது, 11811. தொப்பியில் அந்த எண் போட்ட தொழிலாளி, பெயர் கியோர்கி. பெரிய வட்டமான கடிகாரம் மாதிரி ஒரு இயந்திரம், ஓரத்தில் விளக்குகள் மாறி மாறி எரியும், எது எரிகிறதோ அதற்கு முள்ளை இழுத்துக்கொண்டு போக வேண்டும், ஷிப்ட் முடிகிறவரை இதே வேலை. மயங்கி விழப்போன கியோர்கியைத் தாங்கிப் பிடித்து, ஃப்ரெடர் தன் சட்டையை அவனுக்குக் கொடுத்து அவன் இடத்தில் தான் நிற்கிறான். இது எல்லாப் பிரதியிலும் உண்டு, படத்தின் பிரபலமான காட்சியே இதுதான். ஆனால் முதலாளி மகனின் உடுப்போடு வெளியே போன தொழிலாளி என்ன ஆனான் என்று கேட்டால் பழைய பிரதியில் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. சொன்ன விலாசத்துக்குக் காரில் போகிறான். பையில் கத்தை நோட்டு. பக்கத்துக் காரில் ஒரு பெண். மேலிருந்து யோஷிவாரா கேளிக்கை விடுதியின் விளம்பரக் காகிதங்கள் பறந்து வந்து காருக்குள் கொட்டுகின்றன. ஒன்றை எடுத்துப் பார்க்கிறான், முகம் மாறுகிறது, வண்டி வேறு பக்கம் போகிறது. ரொம்பச் சின்னக் காட்சி. வாழ்க்கையில் சூரியனைப் பார்க்காதவன் கையில் ஒரு ராத்திரியும் கொஞ்சம் பணமும் கிடைத்தால் என்ன செய்வானோ அதைச் செய்கிறான், படமும் அவனைத் திட்டவில்லை. பின்னால் ஃப்ரெடருக்கு விழ வேண்டிய கத்திக்குத்தைத் தான் வாங்கிக்கொண்டு அவன் சாகும்போது அது வலிப்பது இந்தக் கார்ப் பயணத்தால்தான்.

இந்தக் காட்சிகள் எதிலும் பெரிய செட் இல்லை, கூட்டம் இல்லை. வெட்டியவர்கள் பிரம்மாண்டத்தை விட்டுவிட்டு மனுஷர்களை வெட்டியிருக்கிறார்கள், வியாபாரக் கணக்கில் அது புரிகிறது. ஆனால் பிறகு வந்த எல்லோரும் "லாங்குக்குக் கட்டடம் கட்டத் தெரியும், ஆள் படைக்கத் தெரியாது" என்று எழுதினார்களே, அவர்களுக்கு என்ன சொல்வது?

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காட்ஃப்ரீட் ஹுப்பர்ட்ஸ் இந்தப் படத்துக்காகவே முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய இசை, 2010 பதிப்பில் பெர்லின் வானொலி சிம்பொனி குழு ஃபிராங்க் ஸ்ட்ரோபல் தலைமையில் வாசித்தது. சீரமைத்தவர்களுக்கு இந்த இசைக் கையேடுதான் வழிகாட்டி. இந்த இடத்தில் இது நடக்கிறது, இங்கே இந்தக் கார்டு வருகிறது என்று 1,028 குறிப்புகள் அதில் இருந்தன. எந்த ஷாட்டுக்கு அப்புறம் எது, எங்கே எவ்வளவு ஓட்டை என்று தெரிந்தது அப்படித்தான். நமக்கு வேறு சுகம். தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைக்கக் கிளம்பும்போது பிரெஞ்சுப் புரட்சியின் மார்செய்யேஸ் மெட்டு முறுக்கிக்கொண்டு தலை தூக்கும், மரணத்தின் உருவம் வரும் இடத்தில் பழைய தேவாலயத்து இழவுப் பாட்டு. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் இதெல்லாம் தகர டப்பா சத்தமாகிவிடும். ஹோம் தியேட்டர் இல்லையென்றால் நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

டிவியிலும் இரண்டு வேலை இருக்கிறது. அசைவை வழவழப்பாக்கும் 'மோஷன்' வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் எண்ணெயில் மிதக்கிற மாதிரி நடப்பார்கள். இன்னொன்று, படம் கிட்டத்தட்டச் சதுரமாகத்தான் வரும், இரு பக்கமும் காலியாக இருக்கிறதே என்று இழுத்து அகலமாக்காதீர்கள், அதில் மரியாவுக்குக் கன்னம் உப்பிவிடும். டைட்டில் கார்டுகள் ஜெர்மனிலேயே இருந்து அடியில் சப்டைட்டில் வருகிற பிரதியாகப் பாருங்கள். அந்த எழுத்துகளும் நடிக்கின்றன. தொழிலாளர் நகரத்துக்கு இறங்கும்போது எழுத்தும் கீழே இறங்கும், பைபிளில் வரும் பாபேல் கோபுரக் கதையில் எழுத்திலிருந்து ரத்தம் வழியும்.

தந்திரக் காட்சிகளைப் பற்றி நிறைய பேர் நிறைய எழுதிவிட்டார்கள், வேகமாகப் போய்விடுகிறேன். ஓய்கன் ஷுஃப்டானின் கண்ணாடி வித்தை: கேமராவுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி, அதில் பொம்மைக் கட்டடத்தின் பிம்பம், வேண்டிய இடத்தில் மட்டும் ரசத்தைச் சுரண்டிவிட்டால் அந்தத் துளை வழியாக நிஜ நடிகர்கள், எல்லாம் ஒரே ஷாட்டில். மேம்பாலங்களில் ஓடும் கார்கள் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கையால் நகர்த்திய பொம்மைகள். இயந்திர மனுஷியைச் சுற்றி ஏறி இறங்கும் ஒளி வளையங்கள் அதே ஃபிலிமைத் திருப்பித் திருப்பிக் கேமராவில் ஓட்டிப் பதித்தவை. இவற்றைவிட என்னை அசத்தியது பிரிகிட் ஹெல்மின் ஒரு கண்ணிமை. நல்ல மரியாவும் போலி மரியாவும் அவரே, மேக்கப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. போலி மரியாவாக வரும்போது ஒரு இமை மட்டும் பாதி சரிந்திருக்கும், தலை தோளோடு ஒட்டாமல் வெடுக் வெடுக்கென்று திரும்பும். முதல் வினாடியிலேயே யார் என்று தெரிந்துவிடும். அவருக்கு இதுதான் முதல் படம், வயதோ இருபதை ஒட்டி. அந்த உலோகத் தோற்றக் கவசத்துக்குள்ளும் அவரையே நிற்க வைத்துக் கஷ்டப்படுத்தினார்கள்.

சரி, படத்தில் அசட்டுத்தனம் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. தலைக்கும் கைக்கும் நடுவே இதயம் தூது போக வேண்டும் என்பதுதான் முடிவு: முதலாளியும் தொழிலாளியும் கை குலுக்கிக்கொள்கிறார்கள், கூலி என்ன ஆனது, பத்து மணி நேர ஷிப்ட் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1927லேயே இதைவிட அசட்டுப் படம் இல்லை என்கிற ரீதியில் கிழித்துத் தொங்கவிட்டார். லாங்கே பிற்காலத்தில் அந்த முடிவு தனக்குப் பிடிக்கவில்லை, அது வெறும் தேவதைக் கதை என்று சொல்லிவிட்டார். முழுப் பிரதி வந்ததால் இந்த முடிவு ஒன்றும் புத்திசாலித்தனமாகிவிடவில்லை. ஆனால் அதற்கு முன்னால் தொழிலாளர் குடியிருப்பு வெள்ளத்தில் மூழ்கும் காட்சி நீண்டு வந்ததில் ஒரு மாற்றம் இருக்கிறது. குழந்தைகள் படிக்கட்டில் ஏறி மேலே வந்து கம்பிக் கதவில் முட்டி நிற்பதும், கீழிருந்து தண்ணீர் ஏறுவதும், ஃப்ரெடரும் யோசபாட்டும் கதவோடு மல்லுக்கட்டுவதும் இப்போதுதான் நெஞ்சைப் பிடிக்கிற நீளத்தில் வருகிறது. இந்தப் பிள்ளைகளை மறந்துவிட்டுத்தான் பெற்றவர்கள் மேலே ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது உறைக்க அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.

இன்னும் கிடைக்காதவை உண்டு. முக்கியமாக இரண்டு: தேவாலயத்தில் துறவியின் பிரசங்கம், ரோட்வாங்கும் ஃபிரெடர்சனும் கட்டிப் புரளும் சண்டை. அந்த இடங்களில் நடந்ததை எழுத்தில் போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிரசங்கம் போனதில் எனக்கு வருத்தமில்லை, சண்டை போனதில் உண்டு. ஹெல்லுக்காக இத்தனை வருஷம் உள்ளுக்குள் கொதித்த இரண்டு கிழவர்கள் கடைசியில் கைகலப்பில் இறங்குகிற இடம் அது, அந்தச் சாக்கில்தான் ரோட்வாங் அடைத்து வைத்திருந்த மரியா தப்பி ஓடுகிறாள். இரண்டு கார்டில் படித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போகும்போது சப்பென்று ஆகிறது.

ஒரே மூச்சில் இரண்டரை மணி நேரம் முடியாது என்பவர்களுக்கு: படமே மூன்று பாகமாகப் பிரிந்திருக்கிறது, அந்த இடங்களில் கார்டு வரும். முதல் பாகம்தான் நீளம், அது முடிந்ததும் தாராளமாக எழுந்து போய்க் காபி போடலாம். நடுப்பாகம் சின்னது, போலி மரியாவின் ஆட்டமும் அதைப் பார்த்து வாய் பிளந்த ஆம்பிளைகளின் கண்கள் திரை முழுக்க அப்பிக்கொள்வதும் அதில்தான். மூன்றாவது பாகத்துக்கு லாங் வைத்த பெயர் ஃபுரியோஸோ, இசையில் ஆவேசமாக என்று பொருள். அது தொடங்கிவிட்டால் போன் வந்தாலும் எடுக்காதீர்கள், ஊமைப்படத்தில் இரண்டு நிமிடம் தலையைத் திருப்பினால் காதை வைத்துக் கதையைப் பிடிக்க வழியில்லை.